கொடை ராத்திரியில் கூத்து பார்க்க: நெல்லைச் சீமைக்கு ஒரு முழு வழிகாட்டி

சபா நாடகத்துக்கு ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்து ஒன்பதரைக்கு வெளியே வந்து பழகியவர்களுக்கு, நெல்லைச் சீமையில் அம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் எடுக்கும் கொடை விழா முதலில் தலைகால் புரியாது. டிக்கெட் கிடையாது, திரை கிடையாது. சொன்ன நேரத்துக்கு எதுவும் ஆரம்பிக்காது. ஒரு பக்கம் கூத்து நடக்கும், இன்னொரு பக்கம் பொங்கல் பொங்கும், நடுவில் ஒருவர் சாமி வந்து ஆடிக்கொண்டிருப்பார். ஆனால் விடிய விடிய நேரில் நடக்கும் நாடகத்தில் பைத்தியமாக இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து தமிழ்நாட்டில் அதிகம் கிடையாது. கணியான் கூத்து, வில்லுப்பாட்டு, கரிசல் பக்கம் போனால் ஸ்பெஷல் நாடகம் என்று மூன்றையும் ஒரே சீசனில் பார்த்துவிடலாம்.

கிளம்புமுன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கூத்து நமக்காக நடப்பதில்லை, சாமிக்கு நடக்கிறது. கதை பாடும் அண்ணாவி கோயில் நடையைப் பார்த்துத்தான் பாடுகிறார், கூட்டத்தைப் பார்த்து அல்ல. நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அனுமதிக்கப்பட்டவர்கள், அவ்வளவுதான். எங்கே உட்காருவது, எப்போது எழுந்து நிற்பது, எப்போது போனைப் பைக்குள் போடுவது என்பதெல்லாம் இதிலிருந்தே புரிந்துவிடும்.

எந்த மாதம், எந்தக் கிழமை

பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போய் வருவார்கள். அதை ஒட்டித்தான் சீசன் சூடு பிடிக்கும். சித்திரையிலிருந்து ஆவணி வரை கொடை மாதங்கள். வைகாசி, ஆனி, ஆடி மூன்றிலும் வாரம் தவறாமல் எங்காவது ஒரு ஊரில் பந்தல் போட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்தால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும்.

அம்மன் கோயில் கொடை பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, சுடலைமாடன் கொடை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. ஊருக்கு ஊர் இது மாறலாம். இன்னொன்று, எல்லாக் கோயிலிலும் வருஷா வருஷம் கொடை நடக்காது. வீட்டுக்கு வீடு வரிப் பணம் பிரிக்க முடிந்தால்தான் கொடை. சில கோயில்களில் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம், சிலவற்றில் பல வருஷம் கழித்துக்கூட நடக்கும். போன ஆடியில் பார்த்த ஊர் என்று நம்பி நேரே போய் இறங்காதீர்கள்.

ஊரைக் கண்டுபிடிப்பது

மிகச் சுலபமான வழி இது: உங்கள் அலுவலகத்தில் நெல்லைக்காரர் யாராவது ஆனி, ஆடியில் மூன்று நாள் லீவு கேட்கிறாரா என்று பாருங்கள். கல்யாணத்துக்குக்கூட வராமல் இருப்பார்கள், சொந்தக் கோயில் கொடைக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்து சேர்ந்துவிடுவார்கள். அவரோடு ஒட்டிக்கொண்டு போவதுதான் உத்தமம். கொடைக் கோயில்கள் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் உரியவை. அந்நியர் வந்து பார்ப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் முதல் கேள்வி “எந்த ஊரு, யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?” என்றுதான் வரும். அதற்கு ஒரு பதில் கையில் இருந்தால் நல்லது. சாதிப் பேச்சு கிளறும் கேள்விகளை நீங்கள் கேட்காமலிருப்பது அதைவிட நல்லது.

அப்படி யாரும் இல்லையா, சரி. ஒரு சாயங்காலம் திருநெல்வேலி ஜங்ஷனிலோ வள்ளியூர், ஸ்ரீவைகுண்டம், அம்பாசமுத்திரம் பேருந்து நிலையங்களிலோ சுற்றி வாருங்கள். சுவரிலும் டீக்கடைப் பலகையிலும் கொடை நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. படிப்பு, ஆராய்ச்சி என்று வருபவர்கள் அங்கே விசாரிக்கலாம்.

சீவலப்பேரி, ஆறுமுகமங்கலம், சிறுமளஞ்சி ஆகிய ஊர்ச் சுடலை கோயில்கள் பேர் பெற்றவை. சாமி கும்பிட அங்கே போங்கள். கூத்து பார்க்க என்றால் நான் சின்ன ஊரைத்தான் சொல்வேன். பெரிய கோயில் கூட்டத்தில் அண்ணாவியின் முகம் தெரியாது, மகுடம் என்ற தோல் வாத்தியத்தின் ஒலி காதில் சரியாக விழாது. நூறு வீடு உள்ள ஊரில் மகுடக்காரருக்குப் பத்தடி தள்ளி உட்காரலாம்.

நோட்டீஸைப் படிப்பது எப்படி

கொடை நோட்டீஸ்தான் உங்கள் நிகழ்ச்சி நிரல். மேலே சாமி படம், சுற்றிலும் ஊர் இளைஞர்களின் போட்டோக்கள், அடியில் “இங்ஙனம் அக்தார்கள், வரிதாரர்கள், விழாக் கமிட்டியார்” என்று இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது நடுவில் இருக்கும் பொடி எழுத்து.

கொடைக்குச் சில நாட்களுக்கு முன்னால் பந்தல்கால் நடும் கால்நாட்டு. அதற்கு நீங்கள் போக வேண்டியதில்லை. முந்தின நாள் ராத்திரி சாமியை அழைக்கும் குடியழைப்பு. அன்றே சில ஊர்களில் வில்லு ஆரம்பித்துவிடும். கொடையன்று உச்சிப்பொழுதில் மதியக்கொடை, நடுராத்திரியில் சாமக்கொடை. மறுநாள் காலையில் படைப்பு, மஞ்சள் நீராட்டு. எட்டாம் நாள் எட்டாம் கொடை என்று சின்னதாக ஒரு பூசை. இந்த வரிசைக்கு நடுவே “கணியான் கூத்து”, “வில்லிசை”, “நையாண்டி மேளம்” எங்கெங்கே போட்டிருக்கிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். கணியானும் வில்லும் இரண்டும் இருந்தால் அந்த ஊரை விடாதீர்கள். வெறும் செண்டை மேளமும் இன்னிசைக் கச்சேரியும் மட்டும் இருந்தால் வேறு நோட்டீஸ் தேடுங்கள். கேரளத்துச் செண்டைமீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை; ஆனால் இருபது பேர் ஒன்றாக அடிக்கும் இடத்தில் இரண்டு மகுடம் என்ன செய்யும்?

அச்சில் உள்ள நேரத்தோடு ஒரு மணியோ இரண்டு மணியோ சேர்த்துக்கொள்ளுங்கள். சாமக்கொடை மட்டும் ஓரளவு நேரத்துக்கு நடக்கும்.

கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

இதை மட்டும் தவிர்க்காதீர்கள். ஒலிபெருக்கி அலறலில் முதல் முறை கேட்பவருக்குப் பாதி வரிகள் பிடிபடாது. ஊர்க்காரருக்குக் கதை தெரியும். அதனால்தான் அவர் பாதியில் எழுந்து டீ குடித்துவிட்டு வந்து சரியான இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்.

சுடலைமாடன் கதையின் எலும்புக்கூடு இது. பிள்ளை வரம் கேட்ட பார்வதிக்கு விளக்கின் சுடரிலிருந்து ஒரு பிண்டம் பிறக்கிறது. அதற்கு உருவும் உயிரும் கிடைக்கிறது. பால் குடிக்க வேண்டிய குழந்தை ராத்திரியில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்று திரும்புகிறது. கைலாசத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் பூமிக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து மலையாள நாட்டுக்குப் போய், பெரும்புலையன் என்ற மந்திரவாதியோடு மோதல். பிறப்பு, சுடுகாடு, கைலாசம் விட்டு இறங்குவது, மந்திரவாதி என்ற நான்கு திருப்பங்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எந்த இடத்தில் நுழைந்தாலும் கதை ஓட்டம் பிடிபடும்.

முத்துப்பட்டன் கதை வேறு வகை. பிராமண இளைஞன், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பி, பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்று, அவர்களைக் கட்டிக்கொள்கிறான். கடைசியில் மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக அவனுக்குச் சன்னதி இருக்கிறது. நேர்ச்சையாகச் செருப்பு கட்டுகிறார்கள். ஆடி அமாவாசைக்குக் காடு கொள்ளாத கூட்டம். வாய்த்தால் கதை கேட்பதற்கு முந்தின நாள் பகலில் அங்கே போய் அந்தச் செருப்புகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். ராத்திரி பூணூல் அறுக்கும் கட்டம் வரும்போது கேட்கும் விதமே மாறிவிடும். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்திருக்கிறார். நூலகத்தில் கிடைத்தால் முன்னமே புரட்டிவிடுங்கள்.

போய்ச் சேருவது, இடம் பிடிப்பது

கடைசி டவுன் பஸ் போன பிறகுதான் கூத்து ஆரம்பிக்கும். ஆகவே வண்டி உங்கள் பொறுப்பு. பகலில் நன்றாகத் தூங்கிவிட்டு, ஒன்பது மணிக்குள் ஊருக்குள் இருங்கள். ஒரு போர்வை அல்லது பழைய சாக்கு, தண்ணீர் பாட்டில், சின்ன டார்ச், கொஞ்சம் சில்லறை நோட்டு. கழிப்பிட வசதி பெரும்பாலும் இருக்காது. பெண்கள் தெரிந்த வீடு ஒன்றில் சொல்லி வைத்துக்கொண்டு வருவது நல்லது.

பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று உட்காரும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன, போனதும் கவனியுங்கள். நடைக்கும் கூத்துக்காரர்களுக்கும் நடுவில் உள்ள மண்ணைக் காலியாக விட்டிருப்பார்கள். இடம் கிடக்கிறதே என்று அங்கே மட்டும் போய் உட்காராதீர்கள். அது சாமியாடி ஆடும் களம். கூத்துக்காரர்களுக்குப் பக்கவாட்டில், ஒலிபெருக்கிக்கு எதிர்த்திசையில் உட்கார்ந்தால் மகுடத்தின் நேர்ச்சத்தம் காதில் விழும். பின்னால் உட்கார்ந்தால் கூம்பு ஒலிபெருக்கியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கணியான் கூத்து

மகுடாட்டம் என்றும் சொல்வார்கள். அண்ணாவி கதை பாடுவார், பின்பாட்டுக்காரர் எடுத்துப் பாடுவார், இரண்டு பேர் மகுடம் அடிப்பார்கள், ஒருவர் ஜால்ரா. பெண் வேடம் கட்டிய ஆண்கள் இருவர் ஆடுவார்கள். ஆறேழு பேர்தான். இவர்களை வைத்துக்கொண்டு கைலாசத்தையும் சுடுகாட்டையும் மலையாள நாட்டையும் காட்டியாக வேண்டும்.

சீக்கிரம் வரச் சொன்னதற்குக் காரணம் மகுடம் காய்ச்சுவதைப் பார்ப்பதற்குத்தான். பந்தலுக்குப் பின்னால் ஓலையோ சருகோ கொளுத்தி, அந்தத் தீயில் தோலை வாட்டுவார்கள். வாட்டி, விரலால் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்டு, மறுபடி வாட்டு. ஒன்று உச்ச மகுடம், மற்றது மந்த மகுடம். உச்சம் வெடித்துப் பேசும், மந்தம் அடியில் உருண்டுகொண்டே இருக்கும். இரண்டின் குரலும் ஒன்றுக்கொன்று சரியாக விலகி நிற்கும்வரை விட மாட்டார்கள். ராத்திரி ஈரக்காற்றில் தோல் தளர்ந்தால் நடுவில் எழுந்து போய் மறுபடி வாட்டுவார்கள். அந்த நேரத்தில் ஆட்டக்காரர்கள் கூட்டத்தோடு வம்பு பேசிச் சிரிக்க வைத்து இட்டு நிரப்புவார்கள். இடைவேளை என்று நினைத்து எழுந்து போய்விடாதீர்கள். ஊர் நடப்பு, உள்ளூர்ப் பெரியவரின் கஞ்சத்தனம் எல்லாம் கிழிபடும் இடம் அது.

ஆட்டக்காரர்களின் காலைப் பாருங்கள். அண்ணாவி வரியை முடிக்கும் இடத்தில் மகுடம் வேகம் எடுக்கும், கால் அதோடு ஓடும், ஒரு அடியில் சட்டென்று நின்றுவிடும். அடுத்த வரி மௌனத்தில் விழும். கதையில் முக்கியமான வரிகள் எல்லாம் இந்த மௌனத்தில்தான் வரும். இதைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் சொற்கள் புரியாத இடத்திலும் கதையின் கனம் புரியும்.

அண்ணாவியின் திறமையை அளக்க ஒரு வழி சொல்கிறேன். பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் கோயில் பக்கம் நடப்பதையும் அவர் பாடுவதையும் சேர்த்துப் பாருங்கள். அலங்காரம் முடியவில்லை என்றால் கைலாசத்து வர்ணனை நீளும். பூசாரி கையைக் காட்டினால் நான்கு பாட்டில் வரவேண்டிய சங்கதி ஒரு வசனத்தில் முடிந்து, சரியாகப் பூசை மணிக்குச் சுடலை பிறந்துவிடுவார். எழுதி வைத்த பிரதி எதுவும் கையில் இல்லை. பூசையின் கடிகாரத்துக்குக் கதையை இழுத்தும் சுருக்கியும் ஓட்டுவது அவர் தலைக்குள்ளேயே நடக்கிறது. சாமக்கொடைக்கு மட்டும் வந்து வீடியோ எடுத்துப் போகிறவர்கள் இழப்பது இந்த இரண்டு மணி நேரத்தைத்தான். நாடகக்காரராக இருந்தால் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதும் இதில்தான் இருக்கிறது.

சாமக்கொடை

பன்னிரண்டு நெருங்கும்போது மகுடத்தின் நடை மாறும். களத்தில் நிற்கும் சாமியாடியின் உடம்பு முதலில் லேசாகக் குலுங்கும். அண்ணாவி அவரைப் பார்த்து, இதுவரை ‘அவர் வந்தார், அவர் கொன்றார்’ என்று பாடியதை விட்டு, ‘நீ வந்தாய், வாரும் அய்யா’ என்று நேரில் அழைக்க ஆரம்பிப்பார். இதுவரை கதையில் இருந்த ஆள் இப்போது பத்தடி முன்னால் நிற்கிறார். நான் பார்த்த எந்த மேடையிலும் ஒரு பாத்திரத்துக்கு இப்படி ஒரு நுழைவு அமைந்ததில்லை.

எல்லோரும் எழுந்தால் நீங்களும் எழுந்து நில்லுங்கள். செருப்பு காலில் இருக்கக் கூடாது. போன் பைக்குள். சுடலை கோயிலாக இருந்தால் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். பின்னால் போகலாமா என்று ஊர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஊர்களில் கூடவே கூடாது. வேட்டை போகும் வழியில் குறுக்கே நிற்பதையும் விரும்ப மாட்டார்கள்.

சில கொடைகளில் கணியான் தன் கையைக் கீறி ரத்தத்தைச் சாமிக்குக் கொடுக்கும் கைவெட்டு உண்டு. எல்லாக் கோயிலிலும் இருக்காது. கிடாவெட்டும் இருக்கலாம். ரத்தம் பார்த்தால் தலைசுற்றும் என்றால் அந்தக் கால் மணி நேரம் டீக்கடைப் பக்கம் போய்விடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முண்டியடித்து முன்னே போவதைத்தான் தப்பாக நினைப்பார்கள்.

இதெல்லாம் முடிந்ததும் பாதிக் கூட்டம் கலைந்துவிடும். இருங்கள். மிச்சக் கதை நடக்கும்போது அண்ணாவி ஒரு மாதிரி ஓய்ந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கதை சொல்வதுபோல நெருங்கிப் பாடுவார். முன்வரிசை காலியாக இருக்கும்.

வில்லு

வில்லுப்பாட்டு என்றதும் பலருக்குச் சுப்பு ஆறுமுகம் நினைவுக்கு வருவார். அவரும் நெல்லைப் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்துக்காரர்தான். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022இல் காலமானார். அவர் வில்லை எடுத்துக்கொண்டு போனது மேடைக்கும் வானொலிக்கும். கோயில் வில்லு வேறு. அது நடையைப் பார்த்து உட்காரும், காப்புப் பாடித் தொடங்கும், வாழி பாடித்தான் எழும். அம்மன் கொடைகளில் வில்லுதான் பிரதானம்.

வலப்பக்கம் பாடுகிறவர்கள், இடப்பக்கம் பாடுகிறவர்கள் என்று இரண்டு அணி. நடுவில் மணிகள் கட்டிய நீண்ட வில், வீசுகோல், உடுக்கை, தாளம், கட்டை. குடக்காரர்மேல் ஒரு கண் வையுங்கள். குடத்தின் வாயில் பத்தி என்ற மட்டையால் அடித்து அவர் எழுப்பும் அந்த ‘கும்’ ஒலியில்தான் மொத்தக் கதையும் உட்கார்ந்திருக்கிறது. இசக்கி கதையோ நீலி கதையோ பாடும்போது பெண்கள் பக்கத்தைக் கவனியுங்கள். சாமி வருவதற்கான வரத்துப் பாட்டு தொடங்கியதும் முதல் குலவை அங்கிருந்துதான் கிளம்பும்.

கணியானா வில்லா என்று ஒரே ராத்திரியில் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், கதை முக்கியம் என்பவர்களுக்கு வில்லு. எனக்குக் கணியான்.

கரிசல் பக்கம் ஸ்பெஷல் நாடகம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் வந்தால் கோயில் பொங்கலுக்கு மேடை போட்டு நாடகம் வைப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர். அவர் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் எல்லாம் 1922இல் அவர் மறைந்து நூறு வருஷம் கடந்தும் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும்வரை ஓடுகின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறெங்கோ. தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டு அன்று சாயங்காலம்தான் சந்தித்துக்கொள்வார்கள். ஒத்திகை கிடையாது. முதலில் பபூனும் டான்ஸும் வந்து ஒரு மணி நேரத்துக்குமேல் கலகலப்பாக்குவார்கள். அந்த நகைச்சுவை சில நேரம் முகம் சுளிக்க வைக்கும். குழந்தைகளோடு வந்திருந்தால் அதற்குப் பிறகு உள்ளே வாருங்கள். வள்ளி திருமணத்தில் காத்திருக்க வேண்டிய இடம் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம். ஒருவர் பாட்டில் கேள்வி கேட்க, மற்றவர் அதே இடத்தில் பாட்டிலேயே மடக்க வேண்டும். யார் சரக்குள்ளவர் என்பது அங்கே வெட்டவெளிச்சமாகிவிடும். ஆர்மோனியக்காரர் இருக்கும் பக்கமாக உட்காருங்கள். நடிகருக்கு அவர் சுருதி எடுத்துக் கொடுப்பதும், தடுமாறும்போது தாங்குவதும் தெரியும்.

பணம், படம், பேச்சு

கூத்து நன்றாக இருந்தால் அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். நூறோ இருநூறோ, அண்ணாவியிடமோ கமிட்டிக்காரரிடமோ கொடுங்கள். மைக்கில் உங்கள் பேரையும் ஊரையும் சொல்லி வாழ்த்துவார்கள். பெண் வேடக்காரரின் சட்டையில் ரூபாய் குத்துவது, விசிலடிப்பது எல்லாம் வேண்டாம். மீசை முளைக்காத பையன்கள் செய்வதைப் பார்த்து நாமும் இறங்கக் கூடாது.

படம் எடுக்கக் கமிட்டியிடமும், கலைஞர்களிடம் தனியாகவும் கேளுங்கள். சாமியாடுகிறவர்களின் முகத்தை இணையத்தில் போடாதீர்கள். மறுநாள் அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியராகவோ மெக்கானிக்காகவோ வேலைக்குப் போக வேண்டியவர்.

காலையில் படைப்புச் சோறு வாங்கிக்கொள்ளாமல் கிளம்பினால் ஊர்க்காரருக்கு மனசு கஷ்டப்படும். சைவமா அசைவமா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். அதற்குள் மகுடக்காரர்கள் தோலைத் துணியில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பேசுவதற்கு அதுதான் நேரம். “அண்ணாச்சி, கதை எத்தனை வயசுல படிச்சிய?” என்று ஆரம்பித்தால் போதும், தூக்கக் கண்ணோடு அரை மணி நேரம் பேசுவார்கள். கடைசியாக அடுத்த வெள்ளிக்கு எந்த ஊர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சீசனில் அவர்கள் டைரியில் ஆவணி வரை ஊர்ப் பேர்கள் இருக்கும். இனி நோட்டீஸ் தேடி அலைய வேண்டியதில்லை, அந்த டைரியோடு போனால் போதும்.